டீ வாங்கி வரச் சொன்னால் ஆறு மாதம்

சட்டப் புத்தகத்தைப் பொழுதுபோக்குக்காகப் படிப்பவர்கள் குறைவு. படிக்கும் விதம் தெரிந்தால் அதைவிட நல்ல வம்பு தெருக்குழாயடியில்கூடக் கிடைக்காது. விதம் ஒன்றும் பெரிதில்லை. ‘இன்னது செய்யக் கூடாது’ என்று ஓரிடத்தில் எழுதியிருந்தால், அதற்கு முன்னால் யாரோ ஒருத்தன் அதைத் திரும்பத் திரும்பச் செய்து ஊரின் உயிரை வாங்கியிருக்கிறான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நடக்காத தப்புக்குச் சட்டம் போட எந்த ராஜாவுக்கும் பொழுது கிடையாது.

தொழில் பழகப் போன பையன்களுக்கும் அவர்களைச் சேர்த்துக்கொண்ட மாஸ்டர்களுக்கும் போட்ட சட்டங்களை இப்படிப் படித்தால், பாபிலோனில் தொடங்கிய சண்டை பெரம்பூர் வரை அதே சண்டையாகத்தான் வந்து சேர்கிறது. கற்றுக்கொடுத்த பையன் கையை விட்டுப் போகக் கூடாது என்பது மாஸ்டரின் கவலை. கற்றுக்கொண்ட மறுநாளே கம்பி நீட்ட வேண்டும் என்பது பையனின் கவலை. அப்பாவுக்குப் பிள்ளை கொஞ்ச நாள் வேறு யார் வீட்டுச் சோற்றையாவது தின்றால் சரி.

இந்த விஷயத்தில் முதலில் வாய் திறந்தவர்களில் ஹம்முராபியும் ஒருவர். கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் கல்தூணில் சட்டம் வெட்டிவைத்த பாபிலோன் மன்னர். அவருடைய 188-ஆம் சட்டம்: கைவினைஞன் ஒருவன் ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்துத் தன் தொழிலைக் கற்றுக்கொடுத்துவிட்டால், அந்தப் பிள்ளையை யாரும் திருப்பிக் கேட்க முடியாது. 189: கற்றுக்கொடுக்கவில்லையென்றால் பிள்ளை பெற்றவன் வீட்டுக்கே திரும்பலாம். பாதி கற்றுக்கொடுத்தால் என்ன என்பது பற்றி மூச்சில்லை. உலகத்து மாஸ்டர்கள் அன்றிலிருந்து அந்த இடுக்கில்தான் குடித்தனம் நடத்துகிறார்கள். இதே ஹம்முராபி, கட்டிய வீடு இடிந்து சொந்தக்காரர் செத்தால் கொத்தனாரின் தலையை வாங்கச் சொன்னவர். கற்றுக்கொடுக்காத மாஸ்டருக்கு மட்டும் ‘பையனை வீட்டுக்கு அனுப்பு’ என்பதோடு விட்டுவிட்டார். அரண்மனையில் யாரோ ஒரு மாஸ்டருக்குச் செல்வாக்கு இருந்திருக்க வேண்டும்.

அடுத்த வம்பு எகிப்தில், ரோமர்கள் ஆண்ட காலத்தில். ஆக்ஸிரிங்கஸ் என்ற ஊரின் குப்பைமேட்டைத் தோண்டியபோது கிடைத்த பாப்பிரஸ் தாள்களில் கி.பி. 66-ஆம் ஆண்டின் ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. டிரைஃபோன் என்பவர் தன் மகனை டாலமேயஸ் என்ற நெசவாளரிடம் ஒரு வருஷத்துக்கு விடுகிறார். இதில் விசேஷம், டிரைஃபோனே நெசவாளர். பரம்பரையே தறிக்காரர்கள். சொந்தத் தறி இருந்தும் பிள்ளையை அடுத்தவன் தறிக்கு அனுப்புகிறார் என்றால், அந்த வீட்டில் தினமும் காலையில் என்ன நடந்திருக்கும் என்று பிள்ளை பெற்ற எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பையன் மட்டம் போட்ட நாட்களுக்கு வருஷக் கடைசியில் ஈடாக வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் நாளுக்கு ஒரு திராக்மா. அப்பா நடுவில் பையனை இழுத்துக்கொண்டு போனால் நூறு திராக்மா அபராதம், அரசாங்கக் கஜானாவுக்கு இன்னொரு நூறு. மாஸ்டர் ஒழுங்காகக் கற்றுக்கொடுக்காவிட்டால் அவருக்கும் அதே அபராதம். அந்த ஒரு தாளில் இருக்கும் நியாயம் அடுத்த ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு வேறெங்கும் தேறவில்லை. பையனைத்தான் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நம் பக்கத்தில் இந்த வேலையைப் பார்த்தது நாரத ஸ்மிருதி. கலகத்துக்குப் பேர்போனவர் பெயரில் இருக்கும் நூல் இந்தக் கலகத்தைத் தொடாமல் விடுமா? சொந்தக்காரர்களின் சம்மதத்தோடு, இத்தனை காலம் என்று பேசி முடித்து, பையன் குருவின் வீட்டில் தங்க வேண்டும். குரு அவனுக்குச் சோறு போட்டுத் தொழில் சொல்லித்தர வேண்டும். மகனைப்போல நடத்த வேண்டும். வேறு வேலை வாங்கக் கூடாது. நம் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். ‘வேறு வேலை வாங்கக் கூடாது’ என்று ஸ்மிருதியே இறங்கிவந்து சொல்கிறதென்றால், அந்தக் காலத்துப் பொற்கொல்லர் வீடுகளில் பிள்ளைகள் சுத்தியலைவிடக் குடத்தைத்தான் அதிகம் தூக்கியிருக்கிறார்கள். ஆனால் குருமார்களையும் பகைத்துக்கொள்ள முடியாதல்லவா? ஆகவே, பையன் ஓடினால் இழுத்துவந்து அடிக்கலாம், அடைத்துவைக்கலாம். இரண்டு வருஷத்தில் கற்றுத் தேறிவிட்டாலும் பேசிய காலம் முழுக்க இருந்தே ஆக வேண்டும், அதுவரை அவன் கையால் விளைந்ததெல்லாம் குருவுக்கே. கெட்டிக்காரத்தனத்துக்குத் தண்டனை வைத்த சட்டம் இது. மக்குப் பையனுக்கு நஷ்டமே இல்லை.

இதற்கெல்லாம் அப்பன் லண்டன். அங்கே ஒப்பந்தத்தை ஒரே தாளில் இரண்டு தடவை எழுதி, நடுவில் பல் பல்லாக வெட்டி, மாஸ்டருக்குப் பாதி, பையன் வீட்டாருக்குப் பாதி என்று கொடுப்பார்கள். தகராறு வந்தால் இரண்டு பாதியும் பல்லோடு பல் பொருந்த வேண்டும். ஒருவரையொருவர் எவ்வளவு நம்பினார்கள் என்பதற்கு அந்தக் கத்தரிக்கோலே சாட்சி. உள்ளே எழுதியிருப்பது இன்னும் சுவை. மாஸ்டரின் தொழில் ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது. சீட்டு, தாயக்கட்டை கூடாது. சாராயக் கடைப் பக்கம் போகக் கூடாது. கள்ளத் தொடர்பு கூடாது, நல்ல தொடர்பும் கூடாது. அதாவது கல்யாணமும் கிடையாது. பகலிலோ இரவிலோ சொல்லாமல் வெளியே போகக் கூடாது. பதினாலு, பதினைந்து வயதுப் பையன் கையெழுத்துப் போட்ட தாள் இது. இத்தனை கூடாதுகளையும் படித்த பிறகுதான் லண்டனில் இத்தனை வசதிகள் இருப்பதே அவனுக்குத் தெரிந்திருக்கும்.

1556-ல் லண்டன் நகரசபை இன்னொன்றும் சேர்த்தது. 24 வயது ஆகாமல் யாருக்கும் பயிற்சி முடிந்ததாகக் கணக்கில்லை. காரணத்தை மறைக்கவும் இல்லை. பொடியன்கள் அவசரப்பட்டுக் கல்யாணம் செய்துகொண்டு, கடை போட்டு, திவாலாகிறார்களாம். 1582-ல் உடுப்பிலும் கை வைத்தார்கள். மாஸ்டர் கொடுக்கும் துணி தவிர வேறு போடக் கூடாது. தொப்பி என்றால் கம்பளிக் குல்லாய்தான். பட்டு கூடாது, கழுத்தில் கொசுவம் வைத்த பட்டை கூடாது, வாள் கூடாது. நடனப் பள்ளி, சிலம்பம் மாதிரியான வாள்வீச்சுப் பள்ளி, பாட்டுப் பள்ளி எதற்கும் போகக் கூடாது. முதல் தடவை மீறினால் மாஸ்டர் பார்த்துக்கொள்வார். இரண்டாம் தடவை சங்கத்து மண்டபத்தில் நாலு பேர் முன்னால் சவுக்கடி. மூன்றாம் தடவை ஆறு மாசம் கூடுதல் பயிற்சி. தண்டனைகள் ஏறுவரிசையில் இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். சவுக்கடியைவிட மாஸ்டரிடம் இன்னும் ஆறு மாசம் இருப்பது கொடுமை என்பதில் நகரசபைக்கும் சந்தேகமில்லை.

பட்டுச் சட்டைக்கே இவ்வளவு பதற்றமா என்றால், காரணம் உண்டு. 1517 மே மாதம் முதல் தேதிக்கு முந்தைய இரவில் லண்டன் பயிற்சிப் பையன்கள் கும்பலாகக் கிளம்பி, வெளிநாட்டு வியாபாரிகளின் வீடுகளை உடைத்தார்கள். தாமஸ் மோர் நடுத்தெருவில் நின்று சமாதானம் பேசிப் பார்த்தார். உலகத்துக்கே லட்சிய நாடு ஒன்றைப் புத்தகமாக எழுதிக்கொடுத்தவர் பேச்சை அந்த ஒரு தெரு கேட்கவில்லை. சிலரைத் தூக்கில் போட்டார்கள். மிச்சம் பிடிபட்ட நூற்றுக்கணக்கானவர்களைக் கழுத்தில் கயிற்றோடு வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் எட்டாம் ஹென்றி முன் நிறுத்த, ராணி கேதரின் மன்றாடி மன்னிப்பு வாங்கிக்கொடுத்தார். அந்த ராணியே ஸ்பெயின்காரி. பையன்கள் கணக்கில் அவரும் வெளிநாட்டு இறக்குமதிதான். பிறகாவது அடங்கினார்களா? ஒவ்வொரு வருஷமும் நோன்புக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை அவர்களுக்கு விடுமுறை. அன்றைக்குத் தாசி வீடுகளை இடிப்பதும் நாடகக் கொட்டகையை உடைப்பதும் வழக்கமாகிப்போனது. 1617-ல் ட்ரூரி லேனில் புதிதாகத் திறந்த காக்பிட் கொட்டகையைச் சூறையாடினார்கள். ஒழுக்கத்தைக் காப்பதற்காக என்று சொன்னார்கள். வருஷத்தில் 364 நாள் அந்த இடங்களின் விலாசம் அவர்களுக்கு எப்படித் தெரிந்திருந்தது என்று எந்த நீதிபதியும் கேட்டதாகத் தெரியவில்லை.

லண்டன் வழக்கத்தைத் தேசத்துக்கே பொதுவாக்கியவர் முதலாம் எலிசபெத். 1563-ன் கைவினைஞர் சட்டப்படி, அன்றைக்கு இங்கிலாந்தில் நடந்துவந்த எந்தத் தொழிலையும் ஏழு வருஷம் பழகாமல் யாரும் செய்யக் கூடாது. ஏன் ஏழு? ஆறு வருஷத்தில் வராதது ஏழாவது வருஷம் எப்படி வரும்? யாரும் சொல்லவில்லை. பொருளியலாளர் ஆடம் ஸ்மித் 1776-ல் கடிகாரத் தொழிலை எடுத்துக்கொண்டு, இதைச் சொல்லிக்கொடுக்கச் சில வாரம் போதும், சில நாளே போதுமாயிருக்கலாம் என்று எழுதினார். அப்படியானால் மிச்ச ஆறே முக்கால் வருஷம் என்ன நடந்தது? நாரதர் சொன்ன ‘வேறு வேலை’தான் நடந்தது.

ஆனால் ஸ்மித் சொன்ன வண்டிச் சக்கரக் கதைக்கு ஈடில்லை. ‘அன்றைக்கு நடந்துவந்த தொழில்’ என்று சட்டத்தில் இருந்ததா? நீதிமன்றங்கள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கின. 1563-ல் சக்கரம் செய்யும் தொழில் இருந்தது; கோச் வண்டி செய்யும் தொழில் இங்கிலாந்துக்கு வரவில்லை. ஆகவே கோச் செய்பவர் தன் வண்டிக்குத் தானே சக்கரம் செய்யக் கூடாது. ஆள் வைத்தும் செய்யக் கூடாது. சக்கரக்காரரிடம் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். சக்கரக்காரரோ தாராளமாகக் கோச் செய்யலாம். அது சட்டத்தில் இல்லாத தொழில் அல்லவா? வண்டி செய்யத் தெரியாதவன் வண்டி செய்யலாம், தெரிந்தவன் சக்கரம் செய்யக் கூடாது. மான்செஸ்டர், பர்மிங்காமின் பல தொழில்களும் 1563-க்குப் பிறகு பிறந்த காரணத்தால் மட்டும் தப்பித்தன. ரயில் பெட்டி செய்யும் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பும் சக்கரம் செய்வதில்லை, பெங்களூர் எலஹங்கா தொழிற்சாலை போன்ற இடங்களிலிருந்து வருகிறது. அதற்கு எலிசபெத் பொறுப்பல்ல.

ஸ்காட்லாந்தில் எலிசபெத்தின் சட்டம் செல்லாது, ஆனால் அங்கே சங்கங்கள் அதே வேலையைப் பார்த்தன. ஜேம்ஸ் வாட் லண்டனில் ஒரே வருஷம் கருவித் தொழில் பழகிவிட்டு கிளாஸ்கோ வந்தார். ஏழு வருஷம் பழகாதவனுக்கு ஊருக்குள் பட்டறை கிடையாது என்று சுத்தியல்காரர் சங்கம் மறித்ததாகக் கதை. 1757-ல் பல்கலைக்கழகம் தன் வளாகத்துக்குள்ளேயே இடம் கொடுத்தது. அங்கே பழுதுபார்க்க வந்த நீராவி எஞ்சின் மாதிரியை நோண்டப்போய்த்தான் அவர் பேர் வாங்கினார். சங்கத்துக்காரர்களின் தொழில் தர்மம் பல்கலைக்கழகத்துக்குள்ளும் செல்லுபடியாகியிருந்தால் உலகம் இன்னும் நிதானமாகத்தான் போயிருக்கும்.

கடல் தாண்டி பாஸ்டனுக்குப் போவோம். 1718-ல் பெஞ்சமின் ஃப்ராங்ளினுக்கு 12 வயது. அச்சகம் வைத்திருந்த அண்ணன் ஜேம்ஸிடம் 21 வயது வரை இருப்பதாகக் கையெழுத்து. கடைசி வருஷம் மட்டும் சம்பளம். அண்ணன் தம்பி என்றால் விட்டுக்கொடுத்துப் போவார்கள் என்று நினைத்த அப்பாவுக்கு உலகம் தெரியாது. அண்ணன் அடித்தார். தம்பி ஒரு விதவையின் பெயரில் 14 கடிதம் எழுதி, இரவில் அச்சகத்துக் கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போனான். அண்ணன் அதை ரசித்துத் தன் பத்திரிகையிலேயே போட்டார். இதற்குள் பத்திரிகையில் எழுதிய ஏதோ ஒன்றால் அரசாங்கத்துக்குக் கோபம் வந்து, ஜேம்ஸ் இனி பத்திரிகை அச்சடிக்கக் கூடாது என்று 1723-ல் உத்தரவு. ஜேம்ஸ் மூளைக்காரர். பத்திரிகையைத் தம்பி பேரில் போட்டார். ‘உன் பயிற்சிப் பையன் பேரில் நீதானே அடிக்கிறாய்?’ என்று கேட்டுவிட்டால்? பழைய ஒப்பந்தத்தின் முதுகில் ‘விடுதலை’ என்று எழுதித் தம்பி கையில் கொடுத்தார், கேட்டவர்களுக்குக் காட்ட. உள்ளுக்குள் ரகசியமாகப் புதிய ஒப்பந்தம்.

தம்பிக்கும் அதே தகப்பனின் மூளைதானே? அடுத்த சண்டையில், விடுதலைச் சீட்டு என்னிடம் இருக்கிறது, நான் போகிறேன் என்றான். ரகசிய ஒப்பந்தத்தை அண்ணன் வெளியே எடுத்தால் அரசாங்கத்தை ஏமாற்றியது அம்பலமாகும். எடுக்காவிட்டால் தம்பி போய்விடுவான். சட்டத்தை ஏமாற்ற எழுதிய சட்டத்தாள் சட்டத்தின் முன் செல்லாது என்று பதினேழு வயதுப் பையன் கண்டுபிடித்துவிட்டான். ஜேம்ஸ் ஊரிலுள்ள மற்ற அச்சகங்களில் சொல்லி வேலை கிடைக்காமல் செய்தார். அதுதான் கையில் மிச்சம். பையன் புத்தகங்களை விற்றுக் கப்பல் ஏறினான். கப்பல் கேப்டனிடம் நண்பன் ஒருவன் காரணம் சொன்னான்: ஒரு பெண்ணைக் கர்ப்பமாக்கிவிட்டான், அவள் ஆட்கள் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள், அதனால் ஓடுகிறான். கேப்டன் ஏற்றிக்கொண்டார். மாஸ்டரிடமிருந்து ஓடுவதைவிட அது மரியாதையான காரணம். சில நாளில் ஜேம்ஸ், பயிற்சிக்கு நல்ல பையன் தேவை என்று விளம்பரம் போட்டார். பத்திரிகையோ தம்பி பேரில்தான் வந்துகொண்டிருந்தது.

ஓடிப்போனவர்களில் இன்னொருவர் ஆண்ட்ரூ ஜான்சன். வட கரோலினாவின் ராலேயில் தையல்காரர் ஜேம்ஸ் செல்பியிடம் அண்ணன் வில்லியமும் இவரும் பயிற்சியில் இருந்தார்கள்; 1824-ல் இருவரும் ஓடினார்கள். செல்பி பத்திரிகையில் 10 டாலர் பரிசு அறிவித்தார். இருவரையும் பிடித்துவந்தால் 10 டாலர். ஆண்ட்ரூவை மட்டும் கொண்டுவந்தாலும் 10 டாலர். அண்ணன் வில்லியத்தின் விலை என்ன என்பதைக் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். யாரும் பிடித்துத் தரவில்லை. 1865-ல் அந்தத் தம்பி அமெரிக்க ஜனாதிபதி ஆனார்.

இங்கிலாந்தில் மட்டும் 1747-லேயே ஹோகார்த் என்ற ஓவியர் 12 படம் போட்டு, நல்ல பயிற்சிப் பையன் மாஸ்டரின் மகளைக் கட்டி லண்டன் மேயராவான், சோம்பேறி தூக்கில் தொங்குவான் என்று முடித்துவிட்டார். மாஸ்டர்கள் தங்கள் பையன்களுக்கு வாங்கிக்கொடுக்க ஏற்ற விலையில் அச்சிட்டார். மாஸ்டருக்கு மகள் இல்லாத பையன்களுக்கு வழி சொல்லவில்லை.

சிரிப்பு இந்த இடத்தில் கொஞ்சம் தொண்டையில் சிக்குகிறது. 1601-ன் ஏழைகள் சட்டப்படி ஊர் அதிகாரிகளே ஏழைப் பிள்ளைகளை யாரிடமாவது பயிற்சிக்கு எழுதிக்கொடுக்கலாம்: பையன் 24 வயது வரை, பெண் 21 வரை அல்லது கல்யாணம் வரை. பஞ்சாலைகள் வந்ததும் இந்தப் பிள்ளைகளை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். 1802-ல் பயிற்சியாளர்களின் ஆரோக்கியமும் ஒழுக்கமும் பற்றிய சட்டம் வந்தது. கொண்டுவந்தவர் மூத்த ராபர்ட் பீல், அவரே ஆலை முதலாளி. நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. சுவருக்கு வருஷம் இரண்டு தடவை சுண்ணாம்பு அடிக்க வேண்டும். ஆணும் பெண்ணும் தனித்தனி அறை. ஒரு கட்டிலில் இரண்டு பேருக்கு மேல் படுக்கக் கூடாது. நம் சூத்திரப்படி அந்தக் கடைசி விதியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அதற்கு முந்தைய வருஷம் கட்டிலில் எத்தனை பேர் என்பது தெரியும். மீறிய ஆலைக்கு அபராதம் 2 முதல் 5 பவுண்டு. மேற்பார்வைக்கு ஒரு நீதிபதி, ஒரு பாதிரியார். இருவரும் உள்ளூர்க்காரர்கள், மாலையில் ஆலை முதலாளியோடு சாப்பிடுகிறவர்கள். 1814-ல் எலிசபெத்தின் ஏழு வருஷ விதியே போனது.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அந்தச் சரக்கை 1850-ல் இங்கே இறக்கினார்கள். 1850-ன் 19-ஆம் சட்டம், குறிப்பாக அநாதைகளும் தர்மத்தில் வளரும் ஏழைப் பிள்ளைகளும் தொழில் கற்பதற்கு. பத்து வயதுக்கு மேல் பதினெட்டுக்குள். அதிகபட்சம், சொல்லவும் வேண்டுமா, ஏழு வருஷம். எலிசபெத்தின் ஊரில் காலாவதியான எண் இங்கே புதுச் சரக்காக விற்பனையானது.

சுதந்திர இந்தியா 1961-ல் தானே ஒரு தொழில் பழகுநர் சட்டம் எழுதியது. 1962 மார்ச் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. 18-ஆம் பிரிவு, பழகுநர் பழகுபவர்தான், தொழிலாளி அல்ல என்றது. எட்டு மணி நேரம் லேத்தில் நிற்கலாம், கையில் கிரீஸ் ஒட்டலாம். தொழிலாளிச் சட்டம் மட்டும் ஒட்டாது. 2014-ல் திருத்தும் வரை 22-ஆம் பிரிவு இன்னும் அழகு. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுக்கும் கட்டாயம் முதலாளிக்கு இல்லை என்றது. ஏற்றுக்கொள்ளும் கட்டாயம் பழகுநருக்கும் இல்லை என்றது. எவ்வளவு பெரிய சமத்துவம்! கொடுக்காத வேலையை மறுக்கும் உரிமை. ரயில்வேயில் இந்தச் சட்டப்படி ‘ஆக்ட் அப்ரண்டிஸ்’ பயிற்சி முடித்தவர்கள் வருஷக்கணக்காகக் கொடி பிடிப்பது இந்த உரிமையின் ருசி தெரியாததால்தான். 1995-ல் உச்ச நீதிமன்றம் உத்தரப்பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில், மற்றதெல்லாம் சமமாக இருந்தால் பயிற்சி முடித்தவருக்கு முன்னுரிமை என்றது. மற்றதெல்லாம் என்றைக்குச் சமமாக இருந்திருக்கிறது?

30-ஆம் பிரிவில்தான் நாரதர் திரும்ப வருகிறார். பயிற்சிக்குச் சம்பந்தமில்லாத வேலையைப் பழகுநரிடம் வாங்கினால் முதலாளிக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதாவது 1962 முதல் ஐம்பது வருஷத்துக்கு மேல் ‘தம்பி, நாலு டீ சொல்லிட்டு வா’ என்ற ஒவ்வொரு சூப்பர்வைசரும் தன் கம்பெனியை ஆறு மாதச் சிறையின் வாசலில் நிறுத்தியிருக்கிறார். சர்க்கரை கம்மியாக என்று சேர்த்துச் சொன்னவர்களும் உண்டு.

2014-ல் பாராளுமன்றம் பதறிப்போய்ச் சிறையை எடுத்துவிட்டது. அந்தத் திருத்தத்தின்படி டீக்கு, தடவைக்கு 1,000 ரூபாய். கட்டாயமாகச் சேர்க்க வேண்டிய எண்ணிக்கையில் பழகுநர்களைச் சேர்க்காத கம்பெனிக்கு, ஒரு மாத நோட்டீஸுக்குப் பிறகு, குறையும் ஒவ்வொரு ஆளுக்கும் முதல் மூன்று மாதம் மாதம் 500 ரூபாய். அப்புறம் மாதம் 1,000. சேர்த்தால் கொடுக்க வேண்டிய உதவித்தொகை, 2019-ல் வந்த விதிப்படி, மாதம் குறைந்தது 5,000 ரூபாய். பட்டதாரி என்றால் 9,000. டீ தனி.